மைல்டுக்கும் சிவியருக்கும் நடுவே

‘மைல்டு’ என்றால் என்ன என்று பாவாயி மூன்று முறை கேட்டுவிட்டாள். அங்கன்வாடி டீச்சர் ஆர்த்தியும் மூன்று முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

“லேசானதுன்னு அர்த்தங்க்கா.”

“எது லேசு?”

“அண்ணனுக்கு இருக்கறது.”

பாவாயி தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் இங்கிலீஷ்தான். மேலே புருஷன் செங்கோடனின் போட்டோ, அதன் மேல் பாதி விழுந்த சீல், கீழே கோழி கிண்டியதுபோல் ஒரு கையெழுத்து. நடுவில் ஒரு கட்டத்துக்குள் டிக் அடித்திருந்தது. அந்த டிக்கைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் காந்தியது.

“ரெண்டு வருசமா எந்திரிச்சு நிக்காத மனுசனுக்கு லேசா? எவன் கண்ணு இத எழுதுனவன்? அவனக் கொண்டாந்து என்ற ஊட்டுக் கட்டில்ல மூணு நாளைக்குப் படுக்கப் போடு. நாலாம் நாளு நான் கேக்கறேன், லேசா இருக்குதுங்களான்னு!”

சத்துமாவு உருண்டையை வாயில் அதக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. ஆர்த்தி அவளை வாசலுக்குக் கூட்டிவந்தாள். பாவாயி கத்துவதற்கென்றே அங்கன்வாடி வரைக்கும் வந்திருந்தாள். வீட்டில் கத்த முடியாது, அவர் காதில் விழும்.

செங்கோடன் மிளகு பறிக்கிறவர். கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுப் பக்கம் மிளகுக்கொடியை சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்டிருப்பார்கள். மரம் நாற்பதடி போனால் கொடியும் நாற்பதடி போகும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, ஏணியின் கடைசிக் கணுவில் ஒரு காலை ஊன்றி நின்று பறிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் மாசி மாதத்தில் ஒரு நாள் ஏணி சறுக்கிவிட்டது. கீழே பாறை. சேலத்து ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்துவிட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் ஊர் திரும்பினார். வயது நாற்பத்திரண்டு. பிள்ளை குட்டி இல்லை. இருப்பது அவரும் பாவாயியும், கொஞ்சம் குச்சிக்கிழங்குக் காடும்தான்.

இப்போது எல்லா ஆசையும் ஒரு வண்டி மேல் இருந்தது. பக்கத்தில் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். கையாலேயே எல்லாம் இயக்கலாம், கால் வேண்டியதில்லை. மனு போட்டால் சர்க்கார் கொடுக்கும் என்றார்கள். பங்காளி மாணிக்கம் செம்மேட்டில் மிளகு வாங்கும் கடை வைத்திருக்கிறான். அவன் ஒருநாள் வந்து, “அண்ணா, நீ மட்டும் தினம் வந்து சேந்துட்டீன்னா எடை மேசை உனக்குத்தான். உட்காந்த எடத்துல வேலை. மிளகப் பத்தி உன்னவிடத் தெரிஞ்சவன் எனக்குக் கிடைக்க மாட்டான்” என்று சொல்லிவிட்டுப் போனான். வீட்டிலிருந்து ரோடு வரைக்கும் மூன்றடி அகலத்துக்கு சிமெண்ட் பாதை போட்டிருக்கிறார்கள். ஆட்டோ நுழையாது, ஸ்கூட்டர் நுழையும். மாணிக்கம் வந்துபோன அன்றைக்குச் செங்கோடன் தானாகவே கண்ணாடியைக் கேட்டு வாங்கி முகம் மழித்துக்கொண்டார். ஊர் திரும்பிய பதினைந்து மாதத்தில் அவர் தானாகக் கேட்ட பொருள் அது ஒன்றுதான்.

அதற்காகத்தான் அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமுக்குப் போனார்கள். அந்த முகாம் கொடுத்த தாள்தான் இது.

“அக்கா, கோவிச்சுக்காம கேளுங்க” என்றாள் ஆர்த்தி. “இதுல நாலு கட்டம் இருக்குது. மைல்டு, மாடரேட், சிவியர், ப்ரொபவுண்டு. லேசு, நடுத்தரம், கடுமை, அதுக்கும் மேல. மூணாவது கட்டத்துல டிக் விழுந்தாத்தான் வண்டி. உங்களுக்கு மொதக் கட்டத்துலயே அடிச்சுட்டாங்க.”

“மிளகச் சலிக்கற மாதிரி மனுசனச் சலிக்கறாங்களா? பெரும்பருவட்டு ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம்னு?”

“ஆமாங்க்கா, அப்படித்தான்.”

“சல்லடையில போட்டவன் மொதல்ல மிளகக் கையில எடுத்துப் பாக்கோணுமில்ல?”

ஆர்த்தி தாளை வாங்கி அந்த டிக்கை மறுபடியும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அவங்க கேட்டப்ப நீங்க என்னங்க்கா சொன்னீங்க?”

என்ன சொன்னோம் என்று பாவாயிக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஊரில் யார் கேட்டாலும் என்ன சொல்வாளோ அதைத்தான் அங்கேயும் சொன்னாள்.

அந்த ஊரில் படுத்திருப்பவர் காதுபட அவருடைய நோவைப் பெரிதாகப் பேசுவது கிடையாது. பேசினால் நோவும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும், நம்மை இவ்வளவு பெரிதாக மதிக்கிறார்களே என்று அங்கேயே குடியிருந்துவிடும் என்பார்கள். அதனால் யார் வந்து எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாலும், உள்ளே ஆள் மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தாலும், வாசலில் கிடைக்கும் பதில் ஒன்றுதான். “தேவலைங்க.” கேட்டவருக்கும் அது உண்மை இல்லை என்று தெரியும். அவர் கண் கட்டிலைப் பார்க்கும், கொடியில் காயும் துணியைப் பார்க்கும், பதில் சொல்கிறவள் முகத்தையும் பார்க்கும். மறுநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு படி தினையோ ஒரு கூடைக் கிழங்கோ வந்து சேரும். மழைக்குத் தூறல், சாரல், அடைமழை என்று வகை வகையாகப் பேர் வைத்திருக்கிற ஊர்தான். நோவுக்கு மட்டும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கண்ணிடம் விட்டுவிட்டார்கள்.

முகாமில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காதும் விரலும் மட்டுமே வேலை செய்தன. கையில் பெரிய செல்போன் போன்ற டேப் வைத்திருந்த ஓர் ஆள் தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டே போனான்.

“சாப்பிடுவாரா?”

“சாப்புடுவாருங்க.”

“உட்காருவாரா?”

“உட்காருவாருங்க.”

“டாய்லெட் எல்லாம்?”

பக்கத்தில் நாற்காலியில் செங்கோடன் இருந்தார். பின்னால் வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். “அதெல்லாம் ஒண்ணும் தொந்தரவில்லீங்க” என்றாள் பாவாயி.

அப்புறம் அவன் ஓர் அட்டையைக் காட்டினான். அதில் ஆறு மூஞ்சி வரைந்திருந்தது. முதல் மூஞ்சி சிரித்தது. அடுத்தடுத்து வாய் கீழே இறங்கிக்கொண்டே போய், கடைசி மூஞ்சி கண்ணீர் விட்டு அழுதது. வலி எந்த மூஞ்சி என்று தொட்டுக் காட்டச் சொன்னான். புருஷனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எந்தப் பெண்பிள்ளை போய் அழுகிற மூஞ்சியைத் தொடுவாள்? பாவாயி இரண்டாவது மூஞ்சியில் விரலை வைத்தாள். அவன் டேப்பில் தட்டினான். எல்லாம் சேர்த்து நாலு நிமிடம். இரண்டு வருடத்தை நாலு நிமிடத்தில் சலித்துவிட்டார்கள்.

“நீங்க உள்ளதச் சொல்லியிருக்கோணுமுங்க்கா” என்றாள் ஆர்த்தி.

“அவரப் பக்கத்துல வெச்சுட்டா? ‘இவருக்கு இது முடியாது, அது முடியாது, இனி ஒண்ணுமே முடியாது’ன்னு நான் ஒப்பிக்கோணும், அவரு அதக் கேட்டுட்டு உட்காந்திருக்கோணும். அப்படி வாங்கற வண்டியில அவரு எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போவாரு கண்ணு?”

ஆனாலும் வண்டி வேண்டும். தை பிறந்தால் மிளகு வரத்து ஆரம்பித்துவிடும், அதற்குள் ஆள் வராவிட்டால் எடை மேசைக்கு வேறு ஒருவனைப் போட்டாக வேண்டும் என்று மாணிக்கம் சொல்லி அனுப்பியிருந்தான். ஆர்த்தியே மேல்முறையீட்டு மனுவை எழுதினாள். ஒரு யோசனையும் சொன்னாள். அடுத்த முகாமுக்குக் கூட்டிப்போகிற வண்டியிலேயே அண்ணனை உட்கார வைத்துவிட்டு, பாவாயி மட்டும் உள்ளே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடட்டும். அவர் காதில் விழ வேண்டாம். டாக்டர் பிறகு வெளியே வந்து அவரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பாவாயிக்கு அது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் படுவதெல்லாம் நடக்கும் என்று அப்போது அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் இரண்டாவது முகாம். நாலு பேர் சேர்ந்து பிளாஸ்டிக் நாற்காலியோடு செங்கோடனைத் தூக்கி, சிமெண்ட் பாதை வழியே ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கிழங்கு ஏற்றுகிற குப்புசாமியின் பிக்கப் வண்டியில் முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். பாவாயி அவரை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். எழுபது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அவர் உடம்பு ஒரு பக்கமாகச் சரியும், அவள் இழுத்து நிமிர்த்துவாள். ஆர்த்தி பின்னால் சாக்குகளுக்கு நடுவே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

முகாமில் டாக்டரே உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. மேசையில் தாள்கள் அடுக்கடுக்காக இருந்தன. பாவாயி கும்பிட்டுவிட்டு, அவர் வண்டியில் இருக்கிறார், முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள் என்று ஆரம்பித்தாள்.

“ஆளு இல்லாம எப்படிம்மா எழுதறது? கொண்டா உள்ளே.”

“நீங்க வந்து பாத்துக்கலாமுங்க. அதுக்கு முந்தி நான் சொல்றத மட்டும்...”

“நான் எழுந்து ஒவ்வொரு வண்டியா வந்துட்டிருந்தா இத்தனை பேரையும் யார் பார்க்கறது? கொண்டா.”

கொண்டுவந்தார்கள். குப்புசாமியும் இன்னொருவரும் நாற்காலியைத் தூக்கி மேசைக்கு முன்னால் வைத்தார்கள். செங்கோடன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முகம் மழித்திருந்தார். கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி நேராக உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் துண்டைப் போட்டு நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்ததுதான். துண்டின் மேல் சட்டை இருந்ததால் அது வெளியே தெரியவில்லை.

டாக்டர் பழைய தாளைப் புரட்டினார். “போன தடவை சாப்பிடறார், உட்காருறார், டாய்லெட் தொந்தரவு இல்லைன்னு நீயேதானே சொல்லியிருக்கே? இப்ப வண்டி குடுக்கறாங்கன்னு தெரிஞ்சதும் வந்து மாத்திச் சொல்றியா?”

வரிசையில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். பாவாயிக்குக் காது இரண்டும் சுட்டது. திருட்டுக் கிழங்கு தோண்டியவளைப் பிடித்து நிறுத்தினதுபோல் அவளை நிறுத்திவிட்டார்கள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் அல்ல அவள். இரண்டு வருடமாகத் தினமும் பொய்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அது கொடுப்பதற்கான பொய், வாங்குவதற்கானது அல்ல. அந்த வித்தியாசம்கூடத் தெரியாதவர் கையில் பேனா இருந்தது.

அவள் திரும்பிப் புருஷனைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் வராது. டாக்டர் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“எழுதுங்க சார். சாப்புடுவாரு. நான் முதுகுக்கு முட்டுக் குடுத்து உட்கார வெச்சா சாப்புடுவாரு, வெக்காட்டி முகட்டப் பாத்துட்டுப் படுத்திருப்பாரு. இப்ப நிமுந்து உட்காந்திருக்காரே, சட்டையத் தூக்கிப் பாருங்க, துண்டு போட்டுக் கட்டியிருக்கறேன். வெளிக்குப் போறது அவருக்குத் தெரியாதுங்க, என்ற மூக்குக்குத்தான் தெரியும். நான்தான் கழுவுறேன். கழுவுறப்ப அவரு கண்ண மூடிக்குவாரு. ரெண்டு வருசத்துல ஒருநாள்கூட அந்நேரத்துல அவரு கண்ணத் தொறந்து நான் பாத்ததில்ல. மூத்திரப் பைய நான்தான் மாத்தறேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காப் புரட்டிப் போடோணும், போடாட்டி புண்ணு. போட்டும் புண்ணு வந்துருச்சு, உள்ளங்கை அகலத்துக்கு. போன ஐப்பசியில காட்டுக்குப் போன நான் மழையில மாட்டிக்கிட்டு வரதுக்கு நேரமாயிப் போச்சு. வந்து பாத்தா ரெண்டு காலுலயும் கட்டெறும்பு. கடிச்சுக் கடிச்சு ரத்தமா ஓடுது. அவரு எறும்பப் பாத்துட்டே படுத்திருக்காரு. வலிக்கவே இல்ல. தட்டி உடறதுக்குக் குனியவும் முடியல.”

அந்த ஹாலில் அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஆர்த்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஊரில் ஒருத்தி இப்படிப் பேசியிருந்தால் நாலு நாளைக்கு யாரும் அவள் வீட்டுப் பக்கம் வரமாட்டார்கள். பேசியாகிவிட்டது. பின்னால் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது பாவாயியின் முதுகில் சூடாகத் தெரிந்தது.

டாக்டர் பேனாவை இரண்டு முறை மேசையில் தட்டினார். அவர் கெட்ட மனிதர் ஒன்றும் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால்கூடப் பாவாயிக்கு மனசு ஆறியிருக்கும்.

“சரிம்மா. போன தடவை ஒண்ணு சொன்னே, இந்தத் தடவை ஒண்ணு சொல்றே. ரெண்டுக்கும் நடுவுல மாடரேட்னு போட்டுத் தர்றேன். உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.”

சந்தையில் வாழைத்தாருக்கு ஒருவன் முந்நூறு என்பான், இன்னொருவன் இருநூறு என்பான், நடுவில் ஒரு தரகன் புகுந்து இருநூற்றைம்பது என்று துண்டைப் போடுவான். அது தாருக்குச் சரி. முறிந்த முதுகெலும்புக்கு நடுவிலை பேசுகிற தரகனைப் பாவாயி அன்றைக்குத்தான் பார்த்தாள். வீட்டில் அடக்கி அடக்கிப் பழகியவள், மேசையில் கிடந்த தாளை எடுக்கக் கையை நீட்டினாள்.

பேசியது செங்கோடன்.

“எந்தப் பாதிங்க?”

டாக்டர் நிமிர்ந்தார்.

“இல்லீங்க, அவ சொன்னதுல பாதியத் தள்ளிட்டு மீதிய எழுதறீங்க. எந்தப் பாதியத் தள்ளுனீங்கன்னு கேக்கறேன். எறும்பு ஒத்தக் காலத்தான் கடிச்சுதுன்னு வெச்சுக்கிட்டீங்களா? இல்ல, அவ கழுவுறது ஒரு நா விட்டு ஒரு நாளைக்கா?”

குரல் உயரவில்லை. நாற்பதடி உயரத்திலிருந்து கீழே நிற்பவனோடு பேசிப் பழகின குரல் அது, கத்தாமலே ஹாலின் கடைசி வரைக்கும் போயிற்று.

“கோவப்படாதீங்க, ரூல்ஸ்படி...”

“ரூல்ஸ எனக்குத் தெரியாதுங்க. என்ற இடுப்புங்க இது, உங்க தாள் இல்ல. போன தடவையும் வந்தேன், இந்தத் தடவையும் வந்தேன். அவளத்தான் கேக்கறீங்க, அவ மூஞ்சியத்தான் பாக்கறீங்க. என்னய ஒருத்தரும் தொடல. மாட்டாஸ்பத்திரிக்கு எருமயக் கொண்டு போனாக்கூட வால் பக்கம் ஒருக்காத் தடவிப் பாப்பாங்க.”

வரிசையில் நின்றிருந்த ஊன்றுகோல்காரர் ஒருவர், “நியாயந்தானுங்க, எந்திரிச்சுத் தொட்டுப் பாருங்க சார்” என்றார். இன்னொருவர், “என்னையும் தொடலீங்க” என்றார். அப்புறம் ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு தாய் தன் மகளைத் தூக்கி டாக்டர் கண்ணுக்கு நேராகக் காட்டினாள். ஹாலில் சலசலப்பு ஏறியது.

டாக்டர் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். அந்தச் சுற்று ஆறடி இருக்கும், அவ்வளவுதான். முழங்காலில் சுத்தியல் போன்ற ஒன்றால் தட்டினார். ஊசி முனையால் பாதத்திலிருந்து குத்திக்கொண்டே மேலே வந்தார். செங்கோடன் அதை அடுத்த வீட்டுக்காரன் காலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி இடுப்பைத் தாண்டியதும்தான் முகம் சுளித்தார். டாக்டர் சட்டையைத் தூக்கித் துண்டைப் பார்த்தார். ஒரு திரையை இழுத்துவிடச் சொல்லி, பின்பக்கம் திருப்பிப் புண்ணையும் பார்த்தார்.

திரும்பிப் போய் உட்கார்ந்து, மாடரேட்டில் போட்டிருந்த டிக்கைக் கோடு போட்டு அடித்தார். மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டார். தை பிறப்பதற்குள் வண்டி வந்துவிடும் என்று பக்கத்தில் இருந்த ஆள் சொன்னான். புண்ணுக்கு மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது டாக்டர், “இதெல்லாம் முதல்லயே தெளிவாச் சொல்லியிருக்கலாமேம்மா” என்றார்.

பாவாயி வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

“மொதல்லயே எந்திரிச்சு வந்திருக்கலாமுங்களே சார்” என்றாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

மலை ஏறும்போது ஆர்த்தி பின்னால் உட்கார்ந்து தாளைப் பத்து தடவை படித்தாள். சிவியர், சிவியர் என்று ஏதோ கல்யாணப் பத்திரிகை வந்ததுபோல் அவளுக்குச் சந்தோஷம். பாவாயிக்கு அந்தச் சந்தோஷம் ஒட்டவில்லை. முன் சீட்டில் செங்கோடன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவள் அவரை நிமிர்த்தினாள். கழுவுவதையும் கண்ணை மூடிக்கொள்வதையும் ஊரார் முன்னால் போட்டு உடைத்துவிட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது. தாங்க முடியாமல் ஆத்திரமும் வந்தது. எதற்குப் பயப்பட வேண்டும்? உள்ளதைத்தானே சொன்னாள்?

பாதி மலையில் இன்ஜின் சூடாகிவிட்டது. குப்புசாமி வண்டியை ஓரங்கட்டி, தண்ணீர் பிடிக்கக் கேனை எடுத்துக்கொண்டு போனான். ஆர்த்தியும் காலை நீட்ட இறங்கிப்போனாள். வண்டிக்குள் இருவர் மட்டும் இருந்தார்கள்.

“ஒண்ண உட்டுட்ட” என்றார் செங்கோடன்.

“எதங்க?”

“போன ஆடியில சோத்துத் தட்ட உன்ற மூஞ்சியில வீசுனத.”

பாவாயியின் கை தன்னால் இடது புருவத்துக்குப் போயிற்று. அங்கே மூன்று தையல் போட்ட தழும்பு. விறகு தெறித்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லியிருந்தாள். தையல் போட்ட நர்சுக்கும் அதையேதான் சொன்னாள். ஆர்த்திக்கும் அதுதான் தெரியும். சோறு ஆறிவிட்டது என்று அவர் வீசியது. ஆறாமல் என்ன செய்யும், காட்டிலிருந்து அவள் வந்ததே அப்போதுதான்.

“அத்தனையும் சொன்னியே, அத ஏன் சொல்லல?”

“அது உங்க நோவு இல்லீங்க.”

“நோவுதான் பாவா. படுத்துக் கெடந்து கெடந்து...”

“இல்லீங்க.” அவள் குரல் உயர்ந்தது. புருஷன் முன்னால் இவ்வளவு உயர்ந்தது இதுதான் முதல் தடவை. “இடுப்பு உழுந்துருச்சு, காலு உழுந்துருச்சு, அதுக்கெல்லாம் நான் கழுவுறேன், புரட்டறேன், ஊருக்கெல்லாம் தேவலைன்னு சொல்றேன். தட்ட வீசுனது இடுப்பு இல்லீங்க, கையி. கையி நல்லாத்தான இருக்குது? மரமேறுன கையி, இன்னிக்கும் நல்லாத்தான் இருக்குது. காலையில இருந்து அந்த டாக்டர் மேல எனக்கு எத்தனை கோவம்! கோவமெல்லாம் அந்த ஆளு மேல மட்டும்தான்னு நெனச்சுட்டு இருந்தேன். இல்லீங்க. நாலு கட்டம் இருக்குதாமே, லேசு, நடுத்தரம், கடுமை, அதுக்கும் மேல. அந்தத் தட்ட எதுல போடறது? நீங்களே சொல்லுங்க.”

செங்கோடன் தொடை மேல் கிடந்த தன் கைகளைப் பார்த்தார். கீழே வளைவுகளில் ஒரு லாரி முனகிக்கொண்டு ஏறிவந்தது. அது அவர்களைக் கடந்து போயிற்று.

“கடைசிக் கட்டத்துல போடு” என்றார்.

“அப்பவே போட்டாச்சுங்க” என்றாள் பாவாயி.